வெனிஸ்: கைதியின் பெருமூச்சை முத்தமாக்கி விற்ற ஊர்

வெனிஸ் என்றதும் என்ன ஞாபகம் வரும்? தண்ணீரில் மிதக்கும் ஒரு கறுப்புப் படகு. கோடு போட்ட பனியனில் துடுப்பு வலிக்கும் ஒருவர். படகில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடி. தேனிலவு பேக்கேஜ் விற்பவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் படமும் இதேதான். 'காதலர்களின் நகரம்' என்று பட்டம் வேறு!

அந்த ஊரில் ஒரு பாலம் இருக்கிறது. பெருமூச்சுப் பாலம் என்று பெயர். வெள்ளைக் கல்லில் கட்டியது, மேலே கூரை, பக்கச் சுவரில் சின்னச் சின்ன ஜன்னல்கள். சூரியன் மறையும் நேரத்தில் கோயில் மணி அடிக்கும்போது அதன் அடியில் படகில் முத்தமிட்டுக்கொண்டால் காதல் சாகவே சாகாது என்று ஒரு கதை. 1979ல் வந்த 'எ லிட்டில் ரொமான்ஸ்' என்ற படத்தில் ஒரு பையனும் பெண்ணும் வீட்டை விட்டு ஓடுவதே இந்த முத்தத்துக்காகத்தான்.

சரி, அந்தப் பாலத்தில் பெருமூச்சு விட்டது யார்? காதலர்களா? இல்லை. கைதிகள்!

1600 வாக்கில் கட்டப்பட்ட பாலம் அது. இந்தப் பக்கம் ஆட்சித்தலைவரின் அரண்மனை, அதில் விசாரணை அறைகள். அந்தப் பக்கம் புதிய சிறைச்சாலை. நடுவில் ஓடும் கால்வாயைத் தாண்டிக் கைதியை வெளியே கொண்டுபோகாமல் உள்ளுக்குள்ளேயே நடத்திப்போக ஒரு வழி வேண்டும். அதுதான் பாலம். தண்டனை பெற்றவன் ஜன்னல் கம்பி வழியே கடைசியாக ஒருமுறை ஊரைப் பார்த்து மூச்சு விடுவான் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். கவிஞர் பைரன் 19ஆம் நூற்றாண்டில் தன் கவிதையில் எழுதிய பிறகு பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

மேலே ஒருவன் சிறைக்குப் போகிறான், கீழே ஒரு ஜோடி முத்தமிடுகிறது. வெனிஸின் மொத்தக் கதையும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. யாரோ ஒருவரின் வலியை எடுத்து, துடைத்து, பளபளப்பாக்கி, 'ரொமான்ஸ்' என்று லேபிள் ஒட்டி விற்பதில் இந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. "பழைய கதைதானே, விட்டுத் தள்ளுங்கள்" என்று சொல்பவர்கள் கடைசிவரை படிக்கவும். இந்தப் பழக்கத்துக்கு இன்றைக்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பது அந்த ஊர் மக்களேதான்.

திருட்டுக்கு மட்டும் வெட்கமே இல்லை

வெனிஸ் தன் பாவங்களை எல்லாம் மறைக்கிறது என்று சொன்னால் தவறு. சில பாவங்களைச் சுவரில் படம் போட்டே மாட்டி வைத்திருக்கிறது.

கி.பி. 828. எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் புனித மாற்கின் உடல் இருந்தது. இரண்டு வெனிஸ் வணிகர்கள் அதைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுங்கச் சோதனையில் மாட்டாமல் இருக்க என்ன செய்தார்கள்? கூடையில் உடலை வைத்து மேலே பன்றி இறைச்சியைப் பரப்பிவிட்டார்களாம். முஸ்லிம் அதிகாரிகள் அருவருத்து விலகிப்போக, கப்பல் கிளம்பிவிட்டது. மரபாகச் சொல்லப்படும் கதை இது. அந்தப் பன்றிக்கறிக் காட்சி இன்றும் புனித மாற்கு பேராலயத்தின் முகப்பில் மொசைக் ஓவியமாக மின்னுகிறது. வாசலிலேயே வாக்குமூலம்! :-)

அடுத்தது 1204. ஜெருசலேமை மீட்கப் போகிறோம் என்று கிளம்பிய நான்காம் சிலுவைப் போர்ப் படைக்குக் கப்பல் கொடுத்தது வெனிஸ். கட்டணம் 85,000 வெள்ளி மார்க். படைக்காரர்களால் பணத்தைத் திரட்ட முடியவில்லை. "பரவாயில்லை, வேலை செய்து கழியுங்கள்" என்றார்கள். முதல் வேலை, 1202ல் ஸாரா என்ற துறைமுகத்தை வெனிஸுக்குப் பிடித்துக் கொடுப்பது. அதுவும் கிறித்தவ நகரம்தான். அடுத்து அரியணைச் சண்டை ஒன்றைச் சாக்காக வைத்து இன்னொரு கிறித்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிள் போய், 1204ல் அதைச் சூறையாடினார்கள். கூடவே நின்று நடத்தியவர் என்ரிகோ டாண்டோலோ என்ற கண் தெரியாத கிழவர், வெனிஸின் ஆட்சித்தலைவர். அங்கிருந்து வந்த நான்கு வெண்கலக் குதிரைகள்தான் மாற்கு பேராலயத்தின் நெற்றியில் ஏறின. 1797ல் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்குத் தூக்கிப்போனபோது வெனிஸ்காரர்களுக்கு வந்ததே கோபம்! 1815ல் குதிரைகள் திரும்பி வந்தன. எங்கே? கான்ஸ்டான்டிநோபிளுக்கா? ம்ஹூம். வெனிஸுக்கு!

இந்தக் கதைகளை வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கேட்பவர்களும் சிரிப்பார்கள். ஏனென்றால் இவை ஜெயித்தவர்களின் கதைகள். கெட்டிக்காரத் திருடனை யாருக்குத்தான் பிடிக்காது? கேள்வி அதுவல்ல. திருடியவர்களுக்கு முகப்பில் இடம் கிடைத்தது. உழைத்தவர்களுக்கும் அடைபட்டவர்களுக்கும் எங்கே இடம்?

'சாவ்' என்றால் அடிமை

இத்தாலியர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் 'சாவ்' என்பார்கள். இன்று உலகம் முழுக்க அது ஒரு ஸ்டைல். சொல் பிறந்த இடம் வெனிஸ். 'நான் உங்கள் அடிமை' என்ற பணிவு மொழி தேய்ந்து தேய்ந்து 'சாவ்' ஆனது. அடிமையைக் குறிக்கும் அந்த மூலச் சொல்லோ 'ஸ்லாவ்' என்ற இனப் பெயரிலிருந்து வந்தது. ஒரு இனத்தின் பெயரே அடிமைக்குப் பெயராகும் அளவுக்கு அந்த மக்களைப் பிடித்து விற்றிருக்கிறார்கள்.

அந்த வியாபாரத்தில் வெனிஸ் வேடிக்கை பார்க்கவில்லை, கல்லாவில் உட்கார்ந்திருந்தது. கருங்கடல் பக்கம் தானா என்ற சந்தையிலிருந்து தாத்தார்கள், சர்க்காசியர்கள், ரஷ்யர்கள் கப்பலேறி வந்தார்கள். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வெனிஸ் வீடுகளில் வேலை செய்த அடிமைகளில் பெரும்பாலோர் பெண்கள்.

தமிழ் வாசகர்களுக்கு மார்க்கோ போலோவைத் தெரியும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் எழுதிவைத்தவர். பாடப் புத்தகத்திலும் வருவார். பாடப் புத்தகத்தில் வராதது இது: 1324 ஜனவரியில் அவர் எழுதிய உயிலில் பீட்டர் என்ற தாத்தார் அடிமைக்கு விடுதலை கொடுத்திருக்கிறார். ஆமாம், உலகம் சுற்றிய அந்த மனிதரின் வீட்டிலும் ஓர் அடிமை! போலோ போன ஊர்களுக்கு வரைபடம் இருக்கிறது. பீட்டர் எந்த ஊரிலிருந்து பிடித்து வரப்பட்டான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. உயிலில் ஒரு பெயர், அதுவும் எஜமானர்களின் மதத்துப் பெயர். அவ்வளவுதான் அவன் வரலாறு.

கம்பிக்குப் பின்னால் சங்கீதம்

வெனிஸ் போகும் பயணிகளுக்கு 'விவால்டியின் தேவாலயம்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். கச்சேரிக்கு டிக்கெட்டும் விற்பார்கள். ஒரு சின்னச் சிக்கல். விவால்டி இறந்தது 1741ல். இப்போது நிற்கும் அந்தக் கட்டடத்தின் வேலை ஆரம்பித்தது 1745ல்! இதைக் கேட்டால் யாரும் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.

உண்மையான கதை அதைவிடப் பெரியது. பியெத்தா என்பது 1346ல் தொடங்கிய அநாதை இல்லம். வேண்டாம் என்று விடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தது. 1703ல் விவால்டி அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே வளர்ந்த பெண்கள் ஐரோப்பாவே வியக்கும் இசைக் கலைஞர்கள் ஆனார்கள். அவர் எழுதிய பல கச்சேரி இசைகளை முதலில் வாசித்த விரல்கள் அந்தப் பெண்களுடையவை.

அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'வயலின் அன்னா மரியா' என்பது போல வாத்தியம்தான் இனிஷியல். வாசித்தது மேல்மாடத்தில், உலோகக் கம்பி வலைக்குப் பின்னால். கீழே உட்கார்ந்திருந்த பிரபுக்களுக்கு இசை கேட்கும், முகம் தெரியாது. திருமணம் செய்துகொண்டு வெளியேறினால் பிறகு பொது மேடையில் வாசிக்கக் கூடாது. வெனிஸ் அவர்கள் இசையைக் கேட்டது, நன்கொடையும் வாங்கியது. முகத்தை மட்டும் மறைத்து வைத்தது.

வசதியான வீட்டுப் பெண்களாவது தப்பித்தார்களா? அதுவும் இல்லை. வரதட்சணை ஏறிக்கொண்டே போன காலத்தில் (எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா?) எல்லாப் பெண்ணுக்கும் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று, விருப்பம் கேட்காமலே பெண்களைக் கன்னியர் மடத்தில் தள்ளினார்கள். அப்படித் தள்ளப்பட்ட ஒருவர் ஆர்காஞ்சலா தாராபொத்தி (1604-1652). வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தகப்பன்மார் செய்யும் கொடுங்கோன்மை இது, இதில் அரசுக்கும் லாபம் இருக்கிறது என்று புத்தகமாகவே எழுதினார். அவர் இறந்த பிறகு வெளிவந்த அந்தப் புத்தகத்தைத் திருச்சபை தடைப் பட்டியலில் சேர்த்தது. பயண விளம்பரங்களில் காசனோவா பெயரைத் தேட வேண்டியதே இல்லை. இந்த அம்மாள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ராத்திரிப் பூட்டு

'கெட்டோ' என்ற வார்த்தையும் வெனிஸ் உலகுக்குக் கொடுத்ததுதான். 1516 மார்ச் 29ஆம் தேதி செனட் ஒரு தீர்மானம் போட்டது. ஊரில் உள்ள யூதர்கள் எல்லோரும் பழைய உலோக வார்ப்புப் பட்டறை இருந்த ஒரு சின்னத் தீவில்தான் குடியிருக்க வேண்டும். உலோகம் வார்ப்பதைக் குறிக்கும் வெனிஸ் சொல்லே 'கெட்டோ' ஆனது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இரவானால் கதவுகளைப் பூட்டுவார்கள். சுற்றிலும் காவல் படகுகள். காவலாளிகள் கிறித்தவர்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது உள்ளே பூட்டப்பட்ட யூதர்கள்! பூட்டுக்கும் காசு கொடு, பூட்டுபவனுக்கும் காசு கொடு. இடம் போதாமல் வீடுகள் மேலே மேலே வளர்ந்தன. தாழ்ந்த கூரையோடு ஏழு மாடி வரை அடுக்கினார்கள்.

ஆனால் பகலில்? கடன் வேண்டுமா, யூதரிடம் வா. வைத்தியம் வேண்டுமா, யூத வைத்தியரிடம் வா. நோயாளியைப் பார்க்க மட்டும் வைத்தியர் இரவிலும் கதவு தாண்டலாம். உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

நெப்போலியன் படை 1797ல் அந்தக் கதவுகளை உடைத்து எரித்தது. கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1943 செப்டம்பரில் ஜெர்மன் படை வந்தது. அப்போது வெனிஸ் யூத சமூகத்தின் தலைவர் ஜுசெப்பே யோனா, ஊர் மதித்த மருத்துவர். முசோலினி ஆட்சியின் இனச் சட்டங்களால் வேலை பறிபோனவர். யூதர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடு என்று அவரிடம் கேட்கப்பட்டது. அவர் கொடுக்கவில்லை. 17ஆம் தேதி தன் உயிரைத்தான் கொடுத்தார். டிசம்பர் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் சுமார் 250 பேரைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அந்த மருத்துவர் பட்டியலைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

படகு சவாரிக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு யோனா பெயர் தெரியும்?

பாலத்துக்கு அந்தப் பக்கம்

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்காக இன்னொன்று. வெனிஸ் மாநகராட்சி தீவுகளோடு முடிவதில்லை. நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேவும் மார்கெராவும் அதே மாநகராட்சிதான். மார்கெராவில் பெரிய பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் இருந்தன. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு வாயுவில் வேலை செய்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது.

கம்பெனி கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுத்தவர் ஒரு தொழிலாளி. கப்ரியேலே போர்த்தொலொட்ஸோ என்று பெயர். கூட வேலை பார்த்தவர்களில் யார் யாருக்கு என்ன நோய், யார் எப்போது இறந்தார் என்று ஒவ்வொன்றாகச் சேகரித்து 1994ல் அரசு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த ஆண்டே சைக்கிளில் போகும்போது சாலை விபத்தில் இறந்துபோனார். 1998ல் வழக்கு தொடங்கியது. 157 தொழிலாளர்களின் சாவு, 28 அதிகாரிகள் மேல் குற்றச்சாட்டு. 2001 நவம்பரில் தீர்ப்பு: எல்லோரும் விடுதலை! மேல்முறையீட்டில் 2004ல் ஐந்து பேருக்கு மட்டும் தண்டனை. அதுவும் ஒன்றரை வருடம், ஒரே ஒரு தொழிலாளியின் சாவுக்காக.

தண்ணீருக்கு இந்தப் பக்கம் காதல் நகரம். அந்தப் பக்கம் புற்றுநோய். இடையில் ஒரே ஒரு நீளப் பாலம்.

ஊருக்கே பாடை

இனி இன்றைய நிலைமை. 1951ல் பழைய வெனிஸ் தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2009ல் அது 60,000க்குக் கீழே போனபோது, ஊர்க்காரர்கள் ஒரு சவப்பெட்டியைப் படகில் ஏற்றி, பெருங்கால்வாயில் ஊர்வலம் விட்டு, வெனிஸுக்கே இறுதிச் சடங்கு நடத்தினார்கள். 2022ல் 50,000க்கும் கீழே. 2023ல் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை ஊர்வாசிகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. 2024 ஏப்ரலில் ஊருக்குள் நுழைய ஐந்து யூரோ கட்டணம் வந்தது, கூட்டம் அதிகமாகும் நாட்களில் வந்து அன்றே திரும்பும் பயணிகளுக்கு. ஒரு நகரத்துக்கு நுழைவுச் சீட்டு!

உலகமெல்லாம் 'ஐயோ, வெனிஸ் மூழ்குகிறதே' என்று அழுகிறது. 1966 நவம்பரில் 194 செ.மீ., 2019 நவம்பரில் 187 செ.மீ. வெள்ளம் வந்தது உண்மைதான். தடுப்புக்கு மோசே என்ற ராட்சத மடைகள் 2020லிருந்து வேலை செய்கின்றன. அதிலும் ஊழல் என்று 2014ல் 35 பேரைக் கைது செய்தார்கள் என்பது தனிக் கதை. ஆனால் ஒன்றேகால் லட்சம் பேரை வெளியேற்றியது வெள்ளம் மட்டும்தானா? வெள்ளம் வந்தால் ஆறு மணி நேரத்தில் வடியும். ஏறிய வாடகை வடியாது. குடியிருந்த வீடுகள் தினவாடகை அறைகளாயின. காய்கறிக் கடை முகமூடிக் கடையானது. குடும்பங்கள் மெஸ்த்ரேவுக்குப் போயின.

அப்படியானால் ஓட்டலில் சமைப்பது யார்? மெஸ்த்ரேவில் வங்கதேசத்தவர்களின் பெரிய குடியிருப்பு இருக்கிறது. வெனிஸின் ஓட்டல் சமையலறைகளிலும் மார்கெரா கப்பல் கட்டும் தளத்திலும் உழைப்பவர்களில் பலர் அவர்கள். சமையலறையில் வேலை முடிந்து இரவு பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போய்விட வேண்டும். உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம். 1516ல் கதவுக்குப் பூட்டு போட்டார்கள். இப்போது பூட்டு தேவையில்லை, வாடகையே போதும்.

"சுற்றுலாதானே சோறு போடுகிறது?" என்று ஒரு கேள்வி வரும். யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். சோறு போட்டிருந்தால் சாப்பிட ஆள் இருந்திருக்க வேண்டுமே? "எந்தப் பழைய ஊருக்குத்தான் கறை இல்லை, வெனிஸை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?" என்பார்கள் சிலர். கறை இருப்பது குற்றமில்லை. கறை மேல் காதல் போஸ்டர் ஒட்டுவதுதான் குற்றம். அது உருவகம்கூட இல்லை. 2010 வாக்கில் பெருமூச்சுப் பாலத்தைப் பழுதுபார்த்தபோது சுற்றிலும் ராட்சத விளம்பரத் தட்டிகளைக் கட்டினார்கள். உலகின் பெரிய அருங்காட்சியகத் தலைவர்கள் கூடிக் கண்டனம் தெரிவிக்க வேண்டியிருந்தது. சிறைக்குப் போன பாலத்தில் காதலை விற்று, கடைசியில் விளம்பரத்துக்கும் இடம் விற்றாயிற்று.

ஒரு ஊரை வெறும் காட்சியாகப் பார்க்கப் பழகினால், அதில் மனிதர்கள் இருப்பதே தொந்தரவாகத் தெரியும். பீட்டரை மறக்கலாம், அன்னா மரியாவை மறக்கலாம், யோனாவை மறக்கலாம். அப்படி மறக்கப் பழகிய கண்ணுக்கு, மூன்றாம் மாடியில் துணி காயப்போடும் பாட்டி எப்படித் தெரிவார்? படம் எடுக்க அழகான பின்னணியாகத் தெரிவார். அவர் வீட்டைக் காலி செய்தால் அந்த அறைக்கு இரவுக்கு இவ்வளவு என்று விலை வைக்கலாம்.

ஆலப்புழையைக் 'கிழக்கின் வெனிஸ்' என்கிறார்கள். ஸ்டாக்ஹோமை 'வடக்கின் வெனிஸ்' என்கிறார்கள். கால்வாய் இருக்கும் ஊருக்கெல்லாம் இந்தப் பட்டம் உண்டு, எல்லோரும் பெருமையாக வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த முறை யாராவது இந்தப் பட்டத்தை நீட்டினால், ஊர்க்காரர்கள் முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்:

அந்த ஊரில் இன்னும் யாராவது குடியிருக்கிறார்களா?